இறங்காத விமானத்துக்கு அனல் போட்டவர்கள்

எங்கள் சிப்பிமேட்டு உப்பளத்துக்கு மேலே அந்த விமானம் முதன்முதலில் வந்த புரட்டாசி மத்தியானம் காற்று செத்துக் கிடந்தது, பாத்திகளில் உப்பு பூத்துக் கிடந்தது, பெண்கள் உப்பை இழுத்துச் சேர்க்கிற வாருபலகைகளைச் சாய்த்துவிட்டுச் சோற்றுவாளிகளைத் திறந்திருந்தார்கள், அப்போது கடல் பக்கமிருந்து ஒரு பெரிய நிழல் வரப்பு வரப்பாகத் தாண்டி வந்து சோற்றின் மேலும் உப்பின் மேலும் எங்கள் மேலும் ஏறி இறங்கிப் போனது, நிமிர்ந்து பார்த்தால் வெள்ளையும் நீலமுமாக ஒரு பயணிகள் விமானம், இரண்டு இன்ஜின்களும் நின்றுபோய், துளிச் சத்தமில்லாமல், செம்பருந்து மாதிரி வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் சின்னதாக ஒரு காத்தாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. விழப்போகிறது என்று நாங்கள் ஓடினோம். சாயங்காலம்வரை ஓடினோம். அது விழவில்லை, மறுநாளும் விழவில்லை, அப்புறம் எட்டு வருடத்துக்கு விழவில்லை.

இன்ஜின் ஏன் நின்றது என்று எங்களைக் கேட்டால் தெரியாது. நாங்கள் உப்புக்காரர்கள். வெயில் ஏன் அடிக்கிறது என்று கேட்காமல் அடிக்கிற வெயிலில் வேலை பார்க்கிறவர்கள்.

மூன்றாம் நாள் பேப்பரில் காணாமல்போன விமானத்தின் பயணிகள் பட்டியல் வந்தது. நூற்று நாற்பது பேரில் ஒருவன் தவசிமுத்து, வளைகுடாவில் வெல்டர், எங்களோடு உப்பு வாருகிற சுயம்புக்கனியின் வீட்டுக்காரன். அவள் அப்போது ஐந்து மாதம். வளைகாப்புக்கென்று லீவு எழுதி வாங்கிக்கொண்டு வந்தவன், ஊருக்கு மேலே வந்தும் ஊருக்குள் வர முடியாமல் நின்றுவிட்டான். உறவுக்காரர்கள் வேனில் ஏறித் துட்டி கேட்க வந்து, வாசலிலேயே அழுகையைத் தொடங்கினார்கள். சுயம்புக்கனி குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னத்துக்கு அழுதிய? அந்தா மேல இருக்காவ. மேல இருக்க ஆளுக்குத் துட்டி என்ன துட்டி?" என்று கேட்டு, வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அதற்குப் பிறகு அந்த விமானம் எங்களுக்குப் பழகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி தேவையில்லாமல் போயிற்று, நிழல் உப்பைக் குவித்துக் காயவைக்கிற தட்டுமேட்டைத் தொட்டால் வாளியைத் திறப்போம், தாண்டினால் மூடுவோம். கல்யாணப் பத்திரிகைகளில் நல்ல நேரத்துக்குப் பக்கத்தில் "விமான நிழல் கடக்கும் வேளை" என்று அச்சடித்தார்கள், நிழலில் தாலி கட்டினால் புருஷன் வெளிநாடு போனாலும் பத்திரமாக இருப்பான் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மினிபஸ் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தை "பிளேன் ஸ்டாப்" என்று கூவினான். மற்றப் பயணிகளின் சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கெங்கிருந்தோ வந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று, எங்கள் வீடுகளில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே இருக்கிறவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். அரபு நாட்டிலிருந்து வருகிறவன் பெட்டியில் என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? பேரீச்சம்பழம், பால்பவுடர், பிஸ்கட், பாதாம்பருப்பு. நூற்று நாற்பது பெட்டி. அளந்து தின்றால் ஒரு தலைமுறைக்குக் காணும், தண்ணீருக்கு மேகம் இருக்கவே இருக்கிறது.

வருடத்துக்கு ஒரு முறை விசாரணை அதிகாரி ஒருவர் வருவார். எங்களோடு விமானத்தின் நிழலில் உட்கார்ந்து டீ குடிப்பார், அண்ணாந்து பார்ப்பார், பிறகு "தேடுதல் தொடர்கிறது, தடயம் ஏதுமில்லை" என்று எழுதுவார். "அந்தா சுத்துதுல்லா சார்" என்றால், "கண்ணால பார்த்ததையெல்லாம் எழுத முடியாதும்மா, கருவியில விழணும்" என்பார். அவரும் நல்ல மனுஷர்தான். காணாமல்போனது என்று கோப்பில் ஒருமுறை ஏறிவிட்டால், பிறகு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றாலும் அது காணாததுதான். போகும்போது சுயம்புக்கனியிடம் ஒரு தாளை நீட்டுவார். தவசிமுத்து இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாள். அவள் அதை வாங்கி மடித்து அவர் சட்டைப்பையிலேயே வைத்துவிடுவாள்.

இனி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும், எங்கள் பிசகு அங்கேதான் இருக்கிறது.

முதல் ஐப்பசியில் மழை இறங்கி, பாத்தியெல்லாம் வெள்ளத்தில் மூழ்கி, பூமி குளிர்ந்ததும், விமானம் மெல்ல மெல்லக் கீழே வர ஆரம்பித்தது. பத்துப் பனை உயரம், ஐந்து பனை உயரம், மூன்று பனை உயரம். ஊரே நெஞ்சில் கைவைத்து நின்றது. உப்பளத்துக் கணக்கப்பிள்ளை பால்துரைதான் முதலில் பேசினார். "ஈரத்துக்கு மேல பருந்து நிக்காது. கீழ அனல் இருந்தாத்தான் சிறகடிக்காம நிக்கும். இத்தன நாளும் நம்ம தட்டுமேட்டுச் சூடுதான் இதத் தாங்கியிருக்கு." அவர் சொல்லி முடிப்பதற்குள் சுயம்புக்கனி, வயிற்றுப் பிள்ளையோடு, கொட்டகையில் காய்ந்து கிடந்த கருவேலமுள்ளை இழுத்துப் போட்டு, பனையோலையைச் செருகி, மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்துவிட்டாள். நாங்களும் ஆளுக்கொரு கட்டு கொண்டுவந்தோம். அனல் எழும்பியது. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குவதுபோல அது விமானத்தைத் தூக்கி மேலே விட்டது.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. ஐப்பசி, கார்த்திகை, பாதி மார்கழி, வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கட்டு முள். முதல் தீ சுயம்புக்கனி கையால். மழைதான் எங்கள் தலைமுறைகளின் எதிரி, உப்பைக் கரைப்பது அது, வேலையைப் பறிப்பது அது, மழையில் கீழே இறங்குகிற எதுவும் கெட்டுப்போகும் என்பதைத் தவிர வேறு நியாயம் எங்களுக்குத் தெரியாது.

ஒவ்வொரு வருடமும் முதல் மழையில், தீ பிடித்து அனல் எழும்புவதற்குள், விமானம் தாழ வந்து ஒரு சுற்று சுற்றும். அப்போது ஜன்னல்கள் தெரியும். உள்ளே இருக்கிற அத்தனை பேரும் தலையைக் குனிந்து நெற்றியை முன்சீட்டில் வைத்திருப்பார்கள். எங்களைக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்து நாங்களும் கண் கலங்கக் கையெடுத்துக் கும்பிடுவோம். இறக்கைக்குப் பின்னால் நான்காவது ஜன்னலில் தவசிமுத்துவின் உச்சந்தலை தெரியும். அவனுக்கு ரெட்டைச்சுழி. ரெட்டைச்சுழிக்காரனுக்கு ரெண்டு கல்யாணம் என்று கல்யாணத்தன்று பெண்கள் சுயம்புக்கனியைக் கேலி செய்திருந்தார்கள். "ரெண்டாந்தாரமா ஆகாசத்தக் கெட்டிக்கிட்டாவ, நான் என்ன செய்ய" என்று பின்னாளில் அவளே சொல்லிச் சிரிப்பாள். முகத்தை அவள் பார்த்ததேயில்லை. அவன் நிமிர்வதற்குள் அவள் போட்ட தீ அவனை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். மகள் கௌசல்யா பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், அப்பா எப்படி இருப்பாவ என்று யாராவது கேட்டால், ரெண்டு சுழி இருக்கும் என்று சொல்கிற பிள்ளையாக வளர்ந்தாள். எட்டாவது மழையில் அந்தச் சுழிகள் இரண்டும் நரைத்திருந்தன.

அந்த எட்டாவது மழைக்குத்தான் பழைய அதிகாரிக்குப் பதிலாக நித்யகல்யாணி வந்தாள். திருச்சிப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும், கல்லூரியில் படிக்கும்போது இன்ஜினே இல்லாத சின்ன விமானம் ஓட்டப் பழகியவள். தாளை நீட்டவில்லை. குடை பிடித்துக்கொண்டு நாங்கள் அனல் போடுவதைப் பார்த்தாள், தாழ வந்த ஜன்னல்களைப் பார்த்தாள், குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே நின்றாள்.

"அக்கா, அவங்க ஏன் குனிஞ்சிருக்காங்கன்னு நினைக்கிறீங்க?"

"கும்பிடுதாவ. நாங்க விழாமத் தாங்குதோம்லா, அதுக்கு" என்றாள் சுயம்புக்கனி.

நித்யகல்யாணி மடக்கிய குடையோடு கொட்டகையைப் பார்த்து நடந்தாள். சொல்லாமல் போய்விடலாமா என்று யோசித்தேன் என்று பிறகு எங்களிடம் ஒப்புக்கொண்டாள். கொட்டகைக்குள் எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இன்ஜின் ரெண்டும் நின்னாலும் விமானம் கல்லு மாதிரி விழாதுக்கா. மிதந்துக்கிட்டே இறங்கும். ஓரடி இறங்க பதினஞ்சு அடி முன்னால போகும். அதுக்குள்ள கேப்டன் ஒரு இடத்தப் பார்த்து இறக்கணும். அடியில சுத்துதே சின்னக் காத்தாடி, காத்துலயே சுத்தி அவருக்கு வேண்டிய கரண்ட்டக் குடுக்கிறது அதுதான். ஆனா ஒரே ஒரு தடவைதான் முடியும். சரியா அமையலன்னா திரும்ப மேல ஏறி இன்னொரு தடவை வர முடியாது."

"செரி" என்றார் பால்துரை.

"இறங்கப்போறோம்னா உள்ள இருக்கிறவங்கள அப்படிக் குனிஞ்சுக்கச் சொல்லுவாங்க. தரையில மோதுறப்ப கழுத்து ஒடியக் கூடாதுன்னு."

கொட்டகைக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே எங்கள் முள் எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப வருசாவருசம் அவிய..." என்று ஆரம்பித்த பால்துரை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"ஆமா. எட்டு தடவ இறங்கத் தயாராகியிருக்காங்க."

சுயம்புக்கனி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மழையின் தீக்காயங்கள் அந்தக் கைகளில் இருந்தன. "இப்ப தீய அணச்சா?" என்று கேட்டாள்.

"அணைக்காதீங்கக்கா. இறங்க இடமில்ல. வரப்புல தட்டுனா சிதறிடும், வண்டல்ல இறங்குனா புதைஞ்சிடும். வரப்பே இல்லாம, கெட்டியா, ரெண்டு கிலோமீட்டர் தரை வேணும்."

"இருந்தா எறங்கிருமா?"

"இறங்கலாம். நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்த வருடத்தின் மீதி மழையெல்லாம் சுயம்புக்கனி அழுதுகொண்டேதான் தீ வைத்தாள். தெரியாமல் செய்த ஏழு வருடத்தைவிடத் தெரிந்து செய்த அந்த நாற்பது நாள்தான் அவளை உருக்கிவிட்டது. மேலே இருக்கிறவரை அவன் உயிரோடு இருக்கிறான், அது நிச்சயம். கீழே வந்தால் ஒன்று வீட்டுக்கு வருவான், இல்லையென்றால் அந்தத் தாளில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். பொங்கல் கழிந்த மறுநாள் காலையில் வாருபலகையை எடுத்துக்கொள்ளாமல் வெறுங்காலோடு அளத்துக்கு வந்தாள். "மிதிப்போம்" என்றாள்.

எங்கள் தொழில் அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மழை முடிந்ததும் உப்புப் பாத்தியின் தரை கொழகொழவென்று கிடக்கும். அதைக் கெட்டிப்படுத்த எந்த இயந்திரமும் எங்களிடம் கிடையாது, கால்தான். வரிசையாக நின்று, குதிகாலை ஊன்றி, அடிக்குமேல் அடி வைத்து மிதிப்போம், மணல் தூவி மறுபடி மிதிப்போம், தரை சிமெண்டுபோல் இறுகுகிறவரை மிதிப்போம். பாத்திக்குப் பத்து நாள் மிதிக்கிறவர்கள் அந்த வருடம் வரப்புகளை வெட்டித் தள்ளிவிட்டு, கடலைப் பார்த்து நேராக இரண்டு கிலோமீட்டர் மிதித்தோம். தையில் மிதித்தோம், மாசியில் மிதித்தோம், பங்குனி வெயிலில் குதிகால் வெடித்து உப்பு ஏற ஏற மிதித்தோம். ஞாயிற்றுக்கிழமைச் சொந்தக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்து மிதித்தார்கள். புதுக்கல்யாணம் ஆனவர்கள் ஜோடியாக மிதித்தார்கள். நித்யகல்யாணி லீவு போட்டுவிட்டு வந்து, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று கயிறு கட்டிப் பார்த்து, தானும் மிதித்தாள். வெளியூரிலிருக்கிற முதலாளி உப்பு ஏன் குறைந்தது என்று போனில் கேட்டபோது, மழையில் வரப்பு கரைந்துபோயிற்று என்று பால்துரை சொன்னார். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரே நேர்கோட்டில் வரப்பு கரைந்த அதிசயத்தை முதலாளி நம்பினார், அவர் உப்பளத்தைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. தலைக்கு மேலே தினமும் நிழல் போனது. அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஐப்பசியில் முதல் மழை வந்தது. வாருபலகைகளை இரண்டு பக்கமும் நட்டு, கிழிந்த சேலைகளைக் கட்டி, இதுதான் பாதை என்று மேலே தெரியச் செய்திருந்தோம். பூமி குளிர்ந்தது. தட்டுமேட்டுக்கெல்லாம் வாளி வாளியாகக் கடல் தண்ணீரை ஊற்றி, கொஞ்சநஞ்சச் சூட்டையும் தணித்தோம். ஆனாலும் மனசு கேட்காமல், நனையாதபடி கொட்டகைக்குள் ஒரு பெரிய முள் போரும் போட்டு வைத்திருந்தோம். தீப்பெட்டி வழக்கம்போலச் சுயம்புக்கனியிடம் இருந்தது.

விமானம் இறங்கியது. பத்துப் பனை, ஐந்து பனை. நித்யகல்யாணி வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று பனை உயரத்தில் ஜன்னல்கள் தெரிந்தன, அத்தனை தலைகளும் குனிந்திருந்தன, நான்காவது ஜன்னலில் வெளுத்த ரெட்டைச்சுழி தெரிந்தது. இறக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.  வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், மிதித்த நாங்களே கத்த ஆரம்பித்தோம். வச்சிரு, தீய வச்சிரு என்று கத்தினோம். பால்துரை அவள் பக்கத்தில் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயி, வச்சிரு தாயி. இந்தத் தடவ போட்டும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

சுயம்புக்கனியின் விரல் தீப்பெட்டியைத் திறந்தது. ஒரு குச்சியை எடுத்தது. குச்சியைப் பிடித்தபடி அவள் அந்த நரைத்த தலையைப் பார்த்தாள். பிறகு குச்சியையும் பெட்டியையும் சேர்த்து உள்ளங்கைக்குள் வைத்து மூடி, முழங்கால் அளவு மழைத்தண்ணீர் நின்ற வாய்க்காலுக்குள் இறங்கி, மூடிய கையைத் தண்ணீருக்குள் முக்கிக்கொண்டாள். யாராவது பிடுங்கிவிடக் கூடாதென்று குனிந்தே நின்றாள். உள்ளே இருந்தவர்களும் குனிந்திருந்தார்கள், வெளியே அவளும் குனிந்திருந்தாள்.

விமானம் சாய்ந்த இறக்கையை நிமிர்த்திக்கொண்டு சேலைகளுக்கு நடுவே தலையை விட்டது. சக்கரங்கள் தரையைத் தொட்டன. தண்ணீர் இரண்டு பக்கமும் வெள்ளையாகச் சீறி எழுந்து எங்களையெல்லாம் நனைத்தது. நாங்கள் மிதித்த தரைமேல், ஒரு கிலோமீட்டர், ஒன்றரை, இன்னும் இன்னும் என்று அது ஓடியது, எங்கள் குதிகால்களெல்லாம் கூசின. கடைசி வரப்புக்கு முப்பதடி இருக்கும்போது நின்றது. வயிற்றுக்கடியில் சின்னக் காத்தாடி இன்னும் நான்கு சுற்று சுற்றிவிட்டு ஓய்ந்தது.

கதவு திறந்து, ரப்பர்ச் சறுக்கு விரிந்து, ஒவ்வொருவராக இறங்கினார்கள். தாடி வைத்தவர்களும், நரைத்தவர்களும், ஏறும்போது கைக்குழந்தையாக இருந்து இப்போது தரையைப் பார்த்து மிரண்டு நின்றவர்களும். தவசிமுத்து பதினேழாவதாக இறங்கினான். சேற்றில் நடக்க மறந்திருந்தது, தடுமாறி நடந்து வந்தான். வாய்க்காலில் நின்றவளைக் கண்டுபிடித்து நேரே வந்து முன்னால் நின்றான். எட்டு வருடம் கழித்து அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வாய்க்கால் கரைமேல் நின்ற கௌசல்யா அவன் தலையை எட்டிப் பார்த்துச் சுழியை எண்ணிக்கொண்டாள்.

என்ன பேசுவதென்று தெரியாமல் அவன் பயணத்தைப் பற்றிச் சொன்னான். "ஒவ்வொரு மழைக்கும் இந்தா எறங்கிருவோம்னு குனிவோம் கனி. எறங்குத நேரத்துல யாரோ கீழேருந்து பிடிச்சித் தூக்கிருவாவ. கேப்டனுக்கே ஒண்ணும் வெளங்கல."

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். யாரும் சொல்லியிருக்க மாட்டோம், அது எங்கள் ஊரோடு புதைந்து போயிருக்கும். சுயம்புக்கனிதான் தண்ணீரிலிருந்து கையை எடுத்து அவன் முன்னால் விரித்தாள். உள்ளங்கையில் நமத்துப்போன தீப்பெட்டியும், விரல் நெடுகத் தழும்புகளும் இருந்தன.

"நாந்தான் தூக்குனேன். எட்டு வருசமும் நாந்தான். விழுந்துருவியளோன்னு பயந்துட்டேன்."

அவன் அந்தத் தழும்புகளை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு தீப்பெட்டியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டான்.

"அதான் விழல" என்றான்.